லைட் எரியுது... ஏ.சி ஓடலையே! கேரவனில் புதுக்கோட்டையைச் சுற்றுபவர்கள் பிளக் போடும் முன்...

திருச்சியில் இருந்து தெற்கே சுமார் 55 கிலோமீட்டர். ஊரைத் தொடுவதற்கு முன்பே சாலையோரம் பாறைக் குன்றுகள் தலைகாட்ட ஆரம்பித்துவிடும். 'புதுக்கோட்டையா, அங்கே பார்க்க என்ன இருக்கு?' என்று கேட்பவர்களை நார்த்தாமலையில் இறக்கிவிட்டால் போதும். மேலே ஏறினால் வெட்டவெளிப் பாறையில் விஜயாலய சோழீஸ்வரம். எதிரே, ஒரே அச்சில் வார்த்ததுபோல 12 திருமால் சிலைகள் நிற்கும் குடைவரை. அங்கிருந்து அன்னவாசல் பக்கம் திரும்பினால் சித்தன்னவாசல். தாமரைக் குளத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, குன்றின் இன்னொரு பக்கம் ஏறினால் சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டம். குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு. தெற்கே திருமயத்தில் 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை. இன்னும் போனால் ஆவுடையார்கோயிலின் கல் கொடுங்கைகள், அதையும் தாண்டினால் கோட்டைப்பட்டினம், மணமேல்குடி கடற்கரை.

சிக்கல் என்னவென்றால், இவை எல்லாம் ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. ஒரு நாளில் முடியாது. தங்கும் விடுதிகளோ பெரும்பாலும் டவுனுக்குள். அதனால்தான் வண்டியிலேயே படுத்து, வண்டியிலேயே சமைத்து ஊர் சுற்றும் கேரவன்காரர்களுக்கு இந்த மாவட்டம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பாட்டி, பேரன், கேஸ் அடுப்பு, மிளகாய்ப்பொடி டப்பா என்று குடும்பமே ஏறிவிடலாம். கேரளம் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்து, அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பார்க் திறந்துவிட்டது. அப்படிப்பட்ட பார்க்குகளில் வண்டி நிற்கும் இடத்திலேயே தண்ணீரும் கரன்டும் கிடைக்கும். புதுக்கோட்டைப் பக்கம் வருபவர்களுக்குக் கைகொடுப்பது வேறு இடங்கள். கல்யாண மண்டபத்து வளாகம், லாட்ஜ் பார்க்கிங், சொந்தக்காரர் வீட்டுக் கொல்லை, தென்னந்தோப்பு வீடு. அங்கே இருக்கும் பவர் பிளக்தான் கேரவனுக்கு உயிர்நாடி.

கப்பல்காரர்களிடம் இருந்து வந்த வார்த்தை இது: ஷோர் பவர். துறைமுகத்தில் நிற்கும் கப்பல் தன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கரையில் இருந்து கேபிள் இழுத்துக்கொள்ளும். கேரவன் செய்வதும் அதுதான். கரை மட்டும் மாறிவிட்டது. இங்கே கரை என்பது ஒரு மண்டபத்து வராண்டா.

இரண்டு கரன்ட், ஒரு வண்டி

சாயங்காலம் வண்டியை நிறுத்தி, ஒயரை இழுத்து, பிளக்கைச் செருகியாயிற்று. உள்ளே லைட் எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது. மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது. 'கரன்ட் வந்துடுச்சு' என்று எல்லோரும் நிம்மதி ஆகிவிடுவார்கள். ஏ.சி மட்டும் ஓடாது. ஏ.சியைத்தான் திட்டுவார்கள்.

உண்மையில் கரன்டே வந்திருக்காது. கேரவனுக்குள் இரண்டு தனித்தனி மின்சார அமைப்புகள் இருக்கின்றன. லைட், ஃபேன், தண்ணீர் மோட்டார் போன்றவை பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. ஏ.சி, கீசர், மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றுக்கு 230 வோல்ட் வேண்டும். வெளியில் இருந்து வரும் கரன்ட் இரண்டாவது வகையை நேரடியாக ஓட்டும். கூடவே சார்ஜர் வழியாகப் பேட்டரியை நிரப்பும். வெளிக் கரன்ட் வராவிட்டாலும் பேட்டரி தன் பங்குக்கு உழைத்துக்கொண்டே இருக்கும், நள்ளிரவு வரை. அப்புறம் ஃபேனும் நிற்கும். மே மாதத்துப் புதுக்கோட்டையில் ஃபேன் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே முதல் கேள்வி: வெளிக் கரன்ட் வண்டிக்குள் வந்திருக்கிறதா? இதற்கு டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. டெஸ்டர் எரிந்தால் பேஸ் இருக்கிறது என்றுதான் அர்த்தம். நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தாலும் டெஸ்டர் பளிச்சென்று எரியும், பொருள் எதுவும் ஓடாது. ஒரு பொருளை ஆன் செய்துவிட்டுப் பார்க்கும்போது பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால், நியூட்ரல் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். இன்னும் சுலபமான வழி, மண்டபத்துக்காரரிடம் ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கி அதே பிளக்கில் போட்டுப் பார்ப்பது. அது சூடானால் பிளக் நன்றாக இருக்கிறது. கோளாறு நம் ஒயரிலோ, வண்டியிலோ இருக்கிறது.

பிறகு வரிசையாக உள்ளே வர வேண்டும். ஒயரின் இரண்டு முனை, வண்டியின் பக்கவாட்டில் மூடி போட்டிருக்கும் இன்லெட், உள்ளே இருக்கும் ஆர்.சி.சி.பி, அதற்குப் பிறகு எம்.சி.பி-கள், கடைசியாகத்தான் ஏ.சி. பலரும் கடைசியில் இருந்து ஆரம்பித்து, ஏ.சி மெக்கானிக்குக்கு போன் போட்டு, அவர் அறந்தாங்கியில் இருந்து வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும்.

மண்டபத்துப் பிளக்கும் 16 ஆம்ப்ஸும்

நம் ஊர் பவர் பிளக் 16 ஆம்ப்ஸ். 230-ஆல் பெருக்கினால் 3,680 வாட்ஸ். அவ்வளவுதான் மொத்த பட்ஜெட். ஒரு டன் ஏ.சி சுமார் 1,200 வாட்ஸ் எடுக்கும். கீசர் 2,000. அதற்கு மேல் பேட்டரி சார்ஜர். இந்த மூன்றும் ஓடும்போது காபிக்கு இண்டக்‌ஷனை ஆன் செய்தால் எம்.சி.பி விழுந்துவிடும். அது கோளாறு அல்ல, எம்.சி.பி தன் வேலையைச் செய்திருக்கிறது. குளித்து முடித்த பிறகு காபி போட்டால் தீர்ந்தது.

உண்மையான ஆபத்து, எம்.சி.பி விழாத இடத்தில் இருக்கிறது. பவர் பிளக் தூரத்தில் இருக்கிறது என்று, ஃபேன் போடும் 6 ஆம்ப்ஸ் சின்ன பிளக்கில் ஒரு கன்வெர்ஷன் பிளக்கை மாட்டி, அதில் கேரவனை மாட்டுவார்கள். பத்து நிமிடம் ஓடும். அரை மணி நேரம் ஓடும். பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். ஏ.சி போடாமல் பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்துகொள்ளப் போதும் என்றால் சின்ன பிளக் ஓகே. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

ஒயரும் அப்படித்தான். 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் கொண்ட மூன்று கோர் செம்பு ஒயர் 25 மீட்டர் இழுத்தால், 13 ஆம்ப்ஸ் ஓடும்போது வழியில் சுமார் 5 வோல்ட் தொலையும். அதே தூரத்துக்கு, சீரியல் செட் போடும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் தொலைவது 12 வோல்ட்டுக்கும் மேல். தொலையும் வோல்ட் எல்லாம் ஒயருக்குள் சூடாகத்தான் மாறுகிறது. ஒயர் மிச்சம் இருக்கிறது என்று சுருள் சுருளாகச் சுற்றி வண்டிக்கு அடியில் போட்டு வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகிவிடும். முழுவதும் விரித்துப் போட வேண்டும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரலை எடுக்க வைத்தால், சுவிட்சை அணைத்துவிட்டு வேறு பிளக் தேட வேண்டியதுதான்.

வோல்டேஜுக்கும் ஒரு வார்த்தை. இது போர்வெல் பூமி. ஊர்க் கடைசியில் இருக்கும் தோப்பு வீட்டில், சுற்றியுள்ள மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 200-க்குக் கீழே போனால் அன்றைக்கு ஏ.சியை மறந்துவிடுவது நல்லது. கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் முனகியே கெட்டுப்போகும். நேர்மாறாக மீட்டர் 260-ஐத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், உடனே கழற்றிவிட வேண்டும். மூன்று பேஸ் இணைப்புள்ள கட்டடத்தில் நியூட்ரல் விட்டுப்போனால் சில பிளக்குகளில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். காற்றடித்த இரவுகளில் இது நடக்கக்கூடியது.

தோப்பு வீடு என்றதும் இன்னொன்று. பம்ப் செட் ஷெட்டில் இருக்கும் இலவச மின்சாரத்தில் கேரவனை மாட்டக் கூடாது. 'ஒரு ராத்திரிதானே தம்பி, மாட்டிக்கோங்க' என்று தோட்டக்காரர் பாசமாகத்தான் சொல்வார். ஆனால், விவசாயத்துக்கென்று கொடுத்த இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வரும். கணக்கு கேட்கப்போவது நம்மை அல்ல, அவரை.

செம்புராங்கல்லும் எர்த்தும்

இனி வருவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

கேரவன் ரப்பர் டயரில் நிற்கிறது. உள்ளே எங்கோ ஓர் ஒயர் உரசி, பேஸ் வண்டியின் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டயர் வழியாகக் கரன்ட் தரைக்கு இறங்காது. உள்ளே இருப்பவர்களுக்கும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அவர்கள் தரையைத் தொடவில்லை. லைட் எரியும், ஏ.சி ஓடும், எல்லாம் சுகம். வெளியில் இருந்து ஒருவர் வந்து, ஒரு கால் தரையில் இருக்க, கதவுக் கைப்பிடியைப் பிடிக்கும் கணத்தில் சுற்று முழுமையாகும். நம் வழக்கம் வேறு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கோட்டையைச் சுற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைதான் முதலில் கைப்பிடியைப் பிடிக்கும்.

இதைத் தடுக்கவே பிளக்கில் மூன்றாவது பின், எர்த். உடம்பில் ஏறிய கரன்டை அது மண்ணுக்குள் இறக்க வேண்டும். மண் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கேதான் புதுக்கோட்டை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். திருமயம், நார்த்தாமலை பக்கம் பாறை. மாவட்டத்தின் பல இடங்களில் ஓரிரு அடி தோண்டினாலே செம்புராங்கல். எர்த் பைப்பை ஆழமாக இறக்குவது சிரமம், கோடையில் அந்த மண்ணில் ஈரமும் நிற்காது. கரி, உப்பு போட்டுக் குழி எடுத்து, அவ்வப்போது அதில் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பெரியவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வீடு கட்டியபோது வைத்த எர்த் குழி எங்கே இருக்கிறது என்றே மறந்துபோன வீடுகள் எத்தனையோ.

எர்த் குழியின் தடை 100 ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 230 வோல்ட் அதன் வழியே தள்ளக்கூடியது 2.3 ஆம்ப்ஸ்தான். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. அது பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும், வண்டியின் உடம்பு முழுக்கக் கரன்ட் நிற்கும். ஆர்.சி.சி.பி-யோ வெறும் 30 மில்லி ஆம்ப்ஸ், அதாவது ஓர் ஆம்ப்ஸில் நூறில் மூன்று பங்கு கசிந்தாலே விழுந்துவிடும். மண் மோசமான ஊரில் நம்மைக் காப்பாற்றுவது அதுதான். வண்டியில் ஆர்.சி.சி.பி இல்லையென்றால் ஊர் சுற்றக் கிளம்புவதற்கு முன் அதை மாட்டிவிட வேண்டும். அதன் மேல் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். ஒவ்வோர் ஊரிலும் பிளக் போட்ட கையோடு அதை ஒருமுறை அழுத்த வேண்டும். டக்கென்று விழுந்தால் சரி. விழாவிட்டால் அன்றைக்கு அதை நம்பி யாரும் தூங்கக் கூடாது.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க எலெக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் குண்டு பல்பு போட்டுப் பார்ப்பார்கள். பல்பு நன்றாக எரிந்தால் எர்த் உண்டு. ஆர்.சி.சி.பி உள்ள வீடானால் பல்பு போட்டதுமே அது விழும், அதுவும் நல்ல சகுனம்தான். ஆனால், எர்த் ஒயர் பாதியில் அறுந்திருந்தால் அந்த பல்பு வழியாகவே மற்ற பொருள்களின் உடம்பில் கரன்ட் ஏறும். அதனால் இது தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய வேலை.

சிலர் எர்த் சரியில்லை என்றதும் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பல்பும் எரியும், பார்ப்பவருக்குத் திருப்தியாகவும் இருக்கும். நியூட்ரல் என்றைக்கு விட்டுப்போகிறதோ, அன்றைக்கு வண்டியின் உடம்பு முழுவதும் பேஸ் ஆகிவிடும். அப்படி முடிச்சுப் போட்ட பிளக்கை எங்கே கண்டாலும் விலகிவிடுவதே உத்தமம்.

பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது பழைய கட்டடங்களில் சர்வ சாதாரணம். எர்த் துளை மேலே இருக்கும்படி பார்த்தால் வலப்பக்கத் துளையில்தான் டெஸ்டர் எரிய வேண்டும். இடப்பக்கம் எரிந்தால் மாறியிருக்கிறது. எல்லாம் ஓடும்தான். ஆனால் சுவிட்சை அணைத்தாலும் பொருளுக்குள் பேஸ் காத்திருக்கும். ஐந்து நிமிட வேலை இது. மண்டபத்து எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றிவிடலாம்.

விழுந்துகொண்டே இருந்தால்?

ஆர்.சி.சி.பி திரும்பத் திரும்ப விழுகிறது. எரிச்சலில் அதைத் தாண்டி நேராக ஒயர் போட்டுவிடலாமா என்று யோசனை வரும். வேண்டவே வேண்டாம்.

விழுவது வீட்டில் உள்ளதா, வண்டியில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். வீட்டில் உள்ளது விழுந்தால், ஒயரின் வண்டிப் பக்க முனையைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்ய வேண்டும். அப்போதும் விழுந்தால் ஒயரில்தான் கசிவு. இல்லையென்றால் வண்டிக்குள். வண்டிக்குள் என்றால் எம்.சி.பி-களை அணைத்தால் மட்டும் போதாது. சாதாரண எம்.சி.பி பேஸை மட்டுமே வெட்டும், நியூட்ரல் வழியாகக் கசிவது தொடரும். ஒவ்வொரு பொருளின் பிளக்கையும் உருவி, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்ட வேண்டும். எதை மாட்டும்போது விழுகிறதோ, அதுதான் குற்றவாளி. முதல் சந்தேகம் கீசர் மீது இருக்கட்டும். காயில் வெடித்துத் தண்ணீரில் கசிவது அதன் வழக்கமான வியாதி. மழைக்குப் பிறகென்றால் வெளியே உள்ள இன்லெட்டின் மூடியைத் திறந்து, உள்ளே ஈரமோ எறும்புக் கூடோ இருக்கிறதா என்று, கரன்டை முழுக்க நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஜெனரேட்டர் என்றொரு பழக்கம்

பிளக் சரியில்லை என்றால் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டுத் தூங்கலாமே? 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரில் இருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வு செய்த நிபுணர்கள் சொன்னார்கள். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை. ஏ.சிக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தித் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வண்டியில் இருந்தாக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒழுங்கான ஒரு பவர் பிளக் தேடி இன்னும் 20 கிலோமீட்டர் ஓட்டுவதில் தப்பில்லை.

இந்த மாவட்டத்துக்கு ஜெனரேட்டர் அறிமுகமே தேவையில்லாத பொருள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் தென்னையும் பலாவும் சாய்ந்தன. டெல்டாவையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. நாள் கணக்கில் இருட்டு. டேங்குக்குத் தண்ணீர் ஏற்றவும் செல்போனுக்கு சார்ஜ் போடவும் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஊர் ஊராகச் சுற்றினார்கள். அந்த ஞாபகம் இருப்பதால், கரன்ட் போன இரவில் 'உங்க வண்டியிலதான் ஜெனரேட்டர் இருக்கே, வீட்டுக்கும் ஒரு லைன் கொடுங்களேன்' என்று யாராவது கேட்பார்கள். இரண்டு பக்கமும் பின் உள்ள ஒயரை வைத்து, வண்டியின் கரன்டை வீட்டுப் பிளக்குக்குள் அனுப்புவது சுலபமாகத் தெரியும். ஆனால் அது வீட்டோடு நிற்காது. மெயினைத் தாண்டி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு திசையிலும் வேலை செய்யும், போன 230 வோல்ட் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். லைனில் கரன்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் ஒரு லைன்மேன். உதவ ஆசைப்பட்டால் வண்டியில் இருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நீட்டி, அதில் அவர்களின் ஃபேனையும் சார்ஜரையும் மாட்டிக்கொள்ளச் சொல்லலாம்.

கம்பி அறுந்து கிடந்தாலோ, கம்பத்தில் பொறி பறந்தாலோ மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணைத்துவிட்டுத்தான் அவரைத் தொட வேண்டும், பிறகு 108.

மாட்டும்போது வண்டிப் பக்கம் முதலில், சுவர்ப் பக்கம் கடைசியில். கழற்றும்போது தலைகீழ். உள்ளே ஏ.சி, கீசர் எல்லாவற்றையும் நிறுத்தி, சுவர் சுவிட்சை அணைத்து, சுவரில் இருந்து உருவி, அதன் பிறகே வண்டியில் இருந்து. மாற்றிச் செய்தால் கரன்ட் ஓடும் ஒயரின் வாய் கையில் இருக்கும். கிளம்பும் முன் மீட்டரையும் பார்த்துவிடலாம். ஓர் இரவு முழுக்க ஏ.சி ஓடியிருந்தால் ஆறு முதல் எட்டு யூனிட் வரை ஏறியிருக்கும். மண்டபத்துக்காரர் வேண்டாம் என்று மறுத்தாலும், அந்தக் காசைக் கையில் கொடுத்துவிட்டு, டவுனில் முட்டை மாஸ் கிடைக்கும் கடை எது என்று அவரிடமே கேட்டுக்கொண்டு ஆவுடையார்கோயில் சாலையைப் பிடிக்கலாம்.